தலைக்கு இரண்டு டாலர்

வெளிநாட்டுப் பயணத்தில் ஒரு குடும்பத் தலைவனின் வீரம் எங்கே முடிகிறது தெரியுமா? விமானத்தில் இல்லை. இமிக்ரேஷன் கவுன்ட்டரில்கூட இல்லை. ஹோட்டல் ரிசப்ஷனில்.

கையில் இரண்டு பெட்டி. தோளில் தூங்குகிற குழந்தை. சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. நாலடி தள்ளி, 'எவ்வளவு கேக்கறான்?' என்று கண்ணாலேயே விசாரிக்கும் மனைவி. ஒரே ஒரு ராத்திரிதான் தங்கப்போகிறோம். விடிந்தால் அடுத்த ஊர். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சிரித்த முகமாகக் கேட்பார்: "மொத்தம் எத்தனை பேர்?"

நாம் அதற்குள் மனசுக்குள்ளேயே டாலரை ரூபாயால் பெருக்க ஆரம்பித்திருப்போம். "ரெண்டு பேர்தாங்க. இதுங்க சின்னப் பசங்க. இவனுக்கு அஞ்சு வயசு" என்று சொல்லிவைப்போம். பையன் சும்மா இருப்பானா? "இல்லப்பா, எனக்கு ஏழு" என்பான். போச்சு.

இந்தக் காட்சிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இன்றைக்கு உலகத்தில் பல ஹோட்டல்களில், பெற்றோரோடு ஒரே அறையில் படுத்துக்கொள்ளும் குழந்தைக்குத் தனிக்காசு கிடையாது என்கிறார்கள் அல்லவா? அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் ஒரு கோபக்கார அப்பா. அமெரிக்காவில், டென்னஸி மாநிலத்தில், மெம்ஃபிஸ் என்கிற ஊரில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தவர். பெயர் கெமன்ஸ் வில்சன்.

அவர் கதைக்குப் போவதற்குமுன் ஒரு சின்ன சுற்று.

அமெரிக்காவில் ஹோட்டல் என்றால் முதலில் அது குடும்பத்துக்கான இடமே இல்லை. ஊர் நடுவில், ரயில் நிலையத்தை ஒட்டி எழுந்த கட்டடங்கள் அவை. வாடிக்கையாளர் பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி. கோட்டு, தொப்பி, ஒரு பெட்டி. கதவைத் திறக்க ஓர் ஆள், பெட்டியைத் தூக்க ஓர் ஆள், ஆளுக்கு ஆள் டிப்ஸ். இப்படிப்பட்ட இடத்துக்குள் புழுதி படிந்த உடையோடும் அழுகிற குழந்தையோடும் ஒருவர் நுழைந்தால் எப்படி இருக்கும்? பட்டுப்புடவைக் கல்யாணத்தில் லுங்கியோடு நுழைந்த மாதிரி.

1908-ல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள். சாமானியன் கையில் கார். பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். ராத்திரி எங்கே தங்குவது? சாலையோரம் கூடாரம் அடித்தான். கண்ட இடத்தில் அடுப்பு மூட்டினான். இதைப் பார்த்த சிறு நகரங்கள், 'வருகிறவன் நம் கடைத்தெருவில் நாலு காசு செலவழிப்பானே' என்று கணக்குப் போட்டு, இலவச முகாம்களைத் திறந்துவைத்தன. சும்மா கிடைக்கும் இடத்தில் யார் யாரோ வந்து மாதக்கணக்கில் டேரா போட்டார்கள். கட்டணம் வந்தது. கூடாரம் போய்ச் சின்னச்சின்ன மர அறைகள் வந்தன.

1925 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலீஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நடுவழியில் உள்ள சான் லூயி ஒபிஸ்போவில், ஆர்தர் ஹைன்மன் என்கிற கட்டடக் கலைஞர் ஒரு விடுதி திறந்தார். 'மோட்டார் ஹோட்டல்' என்பதைச் சுருக்கி 'மோ-டெல்' என்று போர்டு வைத்தார். மோட்டல் என்ற வார்த்தை பிறந்தது அங்கேதான். ராத்திரி வாடகை ஒன்றேகால் டாலர்.

வார்த்தை பிறந்ததே தவிர மரியாதை பிறக்கவில்லை. நம் ஊரில் ஒரு காலத்தில் 'லாட்ஜ்' என்று சொன்னால் பெரியவர்கள் முகம் சுளித்தார்களே, அதேமாதிரிதான். 1933-ல் பானி - க்ளைட் கொள்ளை ஜோடி மிசௌரி மாநிலத்தில் ஒரு சாலையோர விடுதியில் தங்கியிருந்தபோது போலீஸ் சுற்றிவளைத்துத் துப்பாக்கிச் சண்டை நடந்தது. 1940-ல் எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர், இந்த விடுதிகள் எல்லாம் குற்றவாளிகளின் கூடாரம் என்று ஒரு பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். ஹூவரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்குள் அவர் இன்னொருமுறை வருவார்.

ஆக, 1950-ல் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிய அமெரிக்கனுக்கு இருந்த வழிகள் இரண்டு. ஊர் நடுவில் இருக்கும் ஹோட்டல்: காசு அதிகம், கார் நிறுத்த இடமில்லை. சாலையோர மோட்டல்: உள்ளே போனால்தான் தெரியும். ஒன்றில் படுக்கை சுத்தமாக இருக்கும். அடுத்ததில் கரப்பான் பூச்சி வரவேற்கும். எது எப்படி என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க எந்த வழியும் கிடையாது.

இந்த நிலைமையில்தான் 1951 கோடைக்காலத்தில் கெமன்ஸ் வில்சன் தன் மனைவி டோரத்தியையும் ஐந்து குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். மெம்ஃபிஸிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். இன்றுள்ள அகலச் சாலைகள் அன்று இல்லை. வழியில் ராத்திரி தங்கித்தான் போகவேண்டும்.

தங்கினார்கள். அறை வாடகை ஒரு தொகை. அதற்குமேல், குழந்தைக்குத் தலா இரண்டு டாலர். ஐந்து குழந்தைக்குப் பத்து டாலர். வாடகையைவிட வால் நீளம்!

ஒரே அறை. அதே நாலு சுவர். அதே பாத்ரூம். எதற்கு ஐயா பத்து டாலர்? வில்சனுக்கு ரத்தம் கொதித்தது. நம்மில் பலருக்கும் கொதித்திருக்கிறது. நாம் என்ன செய்வோம்? முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பியதும் பத்து பேரிடம் சொல்லிப் புலம்புவோம். அத்தோடு சரி. வில்சன் ஓர் அளவு நாடாவை எடுத்தார். அடுத்தடுத்துத் தங்கிய அறைகளை எல்லாம் அளந்து பார்த்தார். நீளம் இத்தனை, அகலம் இத்தனை, கட்டிலுக்கு எவ்வளவு, குளியலறைக்கு எவ்வளவு. மனைவியிடம், இந்தமாதிரி நானே விடுதி கட்டப்போகிறேன், குழந்தைகளுக்குக் காசு வாங்கமாட்டேன் என்றார். எத்தனை கட்டுவதாக உத்தேசம் என்று அந்த அம்மாள் கேட்க, நானூறு என்று பதில் வந்தது. டோரத்தி சிரித்துவிட்டார்.

சிரித்திருக்கக்கூடாது. இந்த மனிதர் பொட்டலத்திலேயே பாடம் படித்தவர். பிறந்து ஒன்பது மாதத்தில் அப்பா போய்விட்டார். அம்மா வேலை பார்த்து வளர்த்தார். வாலிபத்தில் ஐம்பது டாலர் மதிப்புள்ள ஒரு பாப்கார்ன் மெஷினைக் கடனுக்கு வாங்கி, சினிமா தியேட்டர் வாசலில் வியாபாரம் பண்ணினார். தியேட்டர் மேனேஜர் சம்பளத்தைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறான் என்று தெரிந்ததும், மேனேஜர் அவரை வெளியே அனுப்பிவிட்டாராம். குடும்பம் குடும்பமாகச் சினிமாவுக்கு வருகிறவர்கள் குழந்தை கையில் எதைப் பார்த்தால் பர்ஸைத் திறப்பார்கள் என்பது அந்தப் பையனுக்கு அப்போதே தெரியும்.

மெம்ஃபிஸ் திரும்பியதும் எடி ப்ளூஸ்டைன் என்கிற வரைபடக்காரரைப் பிடித்து பிளான் போடச் சொன்னார். ப்ளூஸ்டைன் அந்தச் சமயம் டி.வி.யில் பிங் கிராஸ்பி நடித்த 1942-ம் வருடப் படம் ஒன்றைப் பார்த்திருந்தார். படத்தின் பெயர் 'ஹாலிடே இன்'. விளையாட்டாக அந்தப் பெயரையே பிளான் காகிதத்தில் எழுதிவைத்தார். வில்சனுக்குப் பிடித்துவிட்டது.

1952 ஆகஸ்ட் மாதம், மெம்ஃபிஸ் நகரின் சம்மர் அவென்யூவில் முதல் ஹாலிடே இன் திறந்தது. 120 அறைகள். ஒவ்வொன்றிலும் குளியலறை, ஏ.சி., டெலிபோன். பிள்ளைகள் குதித்து விளையாட நீச்சல் குளம். காரை அறை வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம். கூட வரும் நாய்க்குக்கூட இடம் உண்டு, அதுவும் இலவசம். பெற்றோரோடு தங்கும் குழந்தைகளுக்குக் காசு கிடையாது. வாசலில் ராட்சச சைஸில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு போர்டு. தூரத்தில் வரும் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தை அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்கேதான்!" என்று கத்தவேண்டும். அதற்குத்தான் அந்த போர்டு.

அடுத்த ஒன்றரை வருடத்துக்குள் மெம்ஃபிஸுக்குள் நுழையும் மற்ற முக்கியச் சாலைகளிலும் ஆளுக்கொன்றாக மூன்று. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வில்சனைத் தாண்டாமல் ஊருக்குள் போகமுடியாது.

இதில் தர்மம் எங்கே, வியாபாரம் எங்கே என்று கேட்டால், என் கட்சி வியாபாரம்தான். ஒன்றும் தப்பில்லை. குழந்தைக்கு அறையில் காசு வாங்காவிட்டால், அந்தக் குழந்தை சாப்பாட்டு அறையில் ஐஸ்கிரீம் கேட்கும். அடுத்த வருஷம் எங்கே தங்குவது என்று தீர்மானிக்கும்போது, நீச்சல் குளம் இருந்த அந்த இடம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும். குடும்பத்தில் உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அமெரிக்காவின் ஹோட்டல்காரர்களில் நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர்.

1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்ட நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளத்துக்குச் சாலை போட வழி செய்தது. சாலை போன இடமெல்லாம் பச்சை போர்டும் போனது. டோரத்தி சிரித்த 400 எப்போதோ தாண்டிப் போய், 1968-ல் ஆயிரமாவது விடுதி திறந்தது. 1972-ல் 'டைம்' பத்திரிகை வில்சனை அட்டையில் போட்டு, மூன்று லட்சம் கட்டிலுக்குச் சொந்தக்காரர் என்றது.

சுபம் போட்டுவிடலாமா? போடலாம்தான். ஆனால் 1951-ம் வருடச் சாலையில் வில்சன் காருக்குப் பின்னாலேயே இன்னொரு காரும் போய்க்கொண்டிருந்தது. அதிலும் அப்பா, அம்மா, பின்சீட்டில் குழந்தைகள். அவர்கள் கறுப்பர்கள்.

அந்தக் காருக்குள் எட்டிப் பாருங்கள். கூடை நிறைய வீட்டிலேயே சமைத்த சாப்பாடு. தண்ணீர். போர்வை, தலையணை. ஒரு காலி காபி டின். அந்த டின் எதற்கு என்கிறீர்களா? வழியில் பெட்ரோல் போடுவான். காசு வாங்கிக்கொள்வான். கழிப்பறைச் சாவியைக் கேட்டால் தரமாட்டான். குழந்தைகளுக்கு அவசரம் என்றால் அந்த டின்தான்.

ராத்திரி தங்க இடம்? வாசலில் 'அறை காலி இருக்கிறது' என்று விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இவர் போய்க் கேட்டால், 'இப்போதான் சார் கடைசி ரூம் போச்சு' என்பான். அதுவும் மரியாதைப்பட்ட ஆளாக இருந்தால். பல ஊர்களில் இன்னும் மோசம். சூரியன் மறைந்தபிறகு கறுப்பர் எவரும் ஊர் எல்லைக்குள் இருக்கக்கூடாது என்று எழுதப்பட்டும் எழுதப்படாமலும் விதி உண்டு. இருட்டுவதற்குள் அடுத்த ஊரை எட்டிவிடவேண்டும். எட்டமுடியாவிட்டால் காரிலேயே, கதவைப் பூட்டிக்கொண்டு, அப்பா மட்டும் விழித்திருக்க, மற்றவர்கள் தூங்கவேண்டும்.

தலைக்கு இரண்டு டாலர் கேட்கிறானே என்று வில்சன் கோபப்பட்டார். இவர்களிடம் நாலு டாலர் கேட்டிருந்தாலும் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

இந்தப் பிரச்னையை நியூயார்க்கில் ஒரு போஸ்ட்மேன் கையில் எடுத்தார். விக்டர் ஹியூகோ க்ரீன் என்று பெயர். பிரெஞ்சு நாவலாசிரியரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வீடு! ஹார்லெமில் குடியிருந்துகொண்டு, ஆற்றுக்கு அந்தப்புறம் நியூஜெர்ஸியில் தபால் கொடுத்துவந்தார். 1936-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். கறுப்பர்களுக்கு எங்கே அறை கிடைக்கும், எங்கே சாப்பாடு கிடைக்கும், எங்கே முடி வெட்டுவார்கள், எந்த மெக்கானிக் காரைத் தொடுவான் என்கிற பட்டியல். முதலில் நியூயார்க் வட்டாரம் மட்டும். பிறகு வருடா வருடம் நாடு முழுக்க. பின்னாளில் மெக்ஸிகோ, கரீபியன் தீவுகள் என்று வெளிநாட்டு விலாசங்களும் சேர்ந்தன. அட்டை பச்சை. அவர் பெயரும் க்ரீன். 'க்ரீன் புக்' என்றே ஜனங்கள் சொன்னார்கள். 2018-ல் அதே பெயரில் ஒரு சினிமா வந்து ஆஸ்கர் வாங்கியது நினைவிருக்கும்.

தகவல் எப்படித் திரட்டினார்? தபால்காரர்களுக்குத் தெரியாத வீடா? ஊருக்கு ஊர் இருந்த தபால்காரச் சகாக்களும், ஊர் சுற்றி வந்த வாசகர்களும் எழுதி அனுப்பினார்கள். பட்டியலில் நிறைய இடங்கள் ஹோட்டலே கிடையாது. வீடுகள். ஏதோ ஓர் ஊரில் ஒரு விதவைப் பெண்மணி தன் வீட்டில் சும்மா கிடக்கும் அறையை ராத்திரிக்கு வாடகைக்கு விடுவார். காலையில் டிபனும் போட்டு அனுப்புவார். இன்றைக்கு இன்டர்நெட்டில் யார் யாரோ வீட்டு அறையை நாம் பதிவுசெய்து தங்குகிறோமே, அது அந்தக் குடும்பங்களுக்கு அன்றே தெரிந்த வித்தை. வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்ட வித்தை.

க்ரீன் தன் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு விசித்திரமான ஆசையைச் சொல்லியிருந்தார். இந்தப் புத்தகத்தை வெளியிடவேண்டிய அவசியமே இல்லாத ஒரு நாள் வரும், அன்று சந்தோஷமாக நிறுத்திவிடுவோம் என்கிற அர்த்தத்தில். தன் கடை சீக்கிரம் மூடவேண்டும் என்று பிரார்த்தித்த வியாபாரி வேறு யாராவது உண்டா? 1960-ல் அவர் இறந்துபோனார். மனைவி அல்மா தொடர்ந்து நடத்தினார்.

இனி மெம்ஃபிஸுக்கே திரும்பலாம். ஏனென்றால் க்ரீன் புக் பட்டியலில் மெம்ஃபிஸிலும் ஒரு விடுதி இருந்தது. மல்பெரி தெருவில். வால்டர் பெய்லி என்கிற கறுப்பர் 1945-ல் அதை வாங்கினார். மனைவி பெயர் லோரீ. அந்தப் பெயரையும், அப்போது பிரபலமாக இருந்த ஒரு பாட்டையும் சேர்த்து, 'லொரெய்ன்' என்று பெயர் வைத்தார். ரே சார்ல்ஸ், ஓடிஸ் ரெட்டிங், அரீதா ஃபிராங்க்ளின் என்று அமெரிக்காவே தலையில் வைத்துக் கொண்டாடிய பாடகர்கள் எல்லாம் மெம்ஃபிஸ் வந்தால் தங்கியது இங்கேதான். மேடையில் பாடலாம், கைதட்டல் வாங்கலாம், ராத்திரி படுக்க மட்டும் மல்பெரி தெரு. விடுதியில் பெய்லி தம்பதியின் சமையல் பிரசித்தம். வருகிறவர்களை வீட்டு மனிதர்களாக நடத்தினார்கள்.

ஒரே ஊர். ஒரு முனையில் சம்மர் அவென்யூ. இன்னொரு முனையில் மல்பெரி தெரு. இரண்டுமே குடும்பத்தோடு ஒரு ராத்திரி கௌரவமாகத் தங்க உருவான இடங்கள். நடுவே ஒரு கோடு.

1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தனக்கொரு கனவு இருப்பதாகப் பேசினாரே, அந்தப் பேச்சு. கனவு எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. அதே பேச்சில் அதற்குச் சற்று முன்னால் மோட்டலைப் பற்றியும் பேசினார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயணக் களைப்பில் கனத்துப்போன எங்கள் உடம்புக்கு நெடுஞ்சாலை மோட்டல்களிலும் நகரத்து ஹோட்டல்களிலும் இடம் கிடைக்காதவரை எங்களுக்குத் திருப்தி ஏற்படாது என்று சொன்னார். மகத்தான உரையில் ஹோட்டல் ரூம் எதற்கு என்று தோன்றலாம். ராத்திரி முழுக்கக் குழந்தைகளோடு காரில் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டால் தெரியும்.

அடுத்த வருடம் ஜூன் 18. ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்கிற ஊர். மான்ஸன் மோட்டார் லாட்ஜ் என்கிற விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பு இளைஞர்களும் வெள்ளை இளைஞர்களும் சேர்ந்து குதித்தார்கள். அவ்வளவுதான். விடுதி மேனேஜர் ஓடிவந்தார். கையில் ஒரு டப்பா. குளம் கழுவும் அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்ற ஆரம்பித்தார். வீல் என்று அலறும் முகங்களோடு அந்த போட்டோ உலகப் பத்திரிகைகளில் வந்தது. நீரில் கரைந்துபோனதால் யாருக்கும் பெரிய காயம் இல்லை. மறுநாளே அமெரிக்க செனட் சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 2-ம் தேதி அதிபர் ஜான்ஸன் கையெழுத்திட்டார். நிறத்தைக் காரணம் காட்டி இனி எந்த ஹோட்டலும் அறை இல்லை என்று சொல்லக்கூடாது.

கையெழுத்தின் மை காய்வதற்குள் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். மார்டன் ராலஸ்டன் என்று பெயர். அட்லான்டாவில் 216 அறைகள் கொண்ட 'ஹார்ட் ஆஃப் அட்லான்டா' மோட்டலின் சொந்தக்காரர். தானே வக்கீல். தன் வழக்கைத் தானே வாதாடினார். என்னென்ன சொன்னார் தெரியுமா? என் சொத்து, என் இஷ்டம் என்றார். பிடிக்காத விருந்தாளிக்கு அறை கொடுக்கச் சொல்வது என்னை அடிமைப்படுத்துவதற்குச் சமம் என்றார். அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தம் ஒன்று இருக்கிறதல்லவா, கறுப்பர்களை விடுவித்த திருத்தம்? அதையே எடுத்துத் தனக்குக் கேடயமாகப் பிடித்தார்! துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. 1964 டிசம்பர் 14-ல் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல். அவர்கள் பிடித்த இடம் சுவாரஸ்யமானது. உன் மோட்டலில் தங்குகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு வெளி மாநிலத்துக்காரர்கள். ஒரு குடும்பம் ராத்திரி தங்க இடமில்லாமல் பயணத்தையே கைவிட்டால், மாநிலங்களுக்கு இடையேயான வர்த்தகம் பாதிக்கப்படுகிறது. அதைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆக, இடையில் ஒரு ராத்திரி தங்குவது என்கிற அற்ப விஷயம்தான் அந்த வழக்கின் முதுகெலும்பு.

1966-67 பதிப்போடு க்ரீன் புக் நின்றுபோனது. க்ரீனின் ஆசை நிறைவேறிவிட்டது.

அதற்குப் பிறகும் மல்பெரி தெருவுக்கு வேலை மிச்சமிருந்தது. 1968 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆதரவாக வந்த கிங், மார்ச் 28-ல் ஊர்வலம் போனார். அது கலவரத்தில் முடிந்தது. பாதுகாப்புக்காக அவரை அவசரமாக அழைத்துப்போய்த் தங்கவைத்த இடம் ஆற்றங்கரையிலிருந்த ரிவர்மான்ட் ஹோட்டல். அது ஹாலிடே இன். வில்சன் குழுமத்தினுடையது. 1952-ல் நினைத்துப் பார்த்திருக்க முடியுமா? சட்டம் வேலை செய்கிறது என்று சந்தோஷப்படலாம் அல்லவா?

அங்கேதான் ஹூவர் மறுபடி வருகிறார். எஃப்.பி.ஐ. மறுநாளே ஒரு குறிப்பு தயாரித்தது. பத்திரிகைகளுக்குக் கசியவிடுவதற்கு. கறுப்பர்களுக்குச் சொந்தமான லொரெய்ன் இருக்கும்போது, கிங் வெள்ளைக்காரரின் ஆடம்பர ஹோட்டலில் போய்த் தங்கிவிட்டார் என்பது சாரம். பின்னாளில் நாடாளுமன்ற விசாரணைகளில் இது வெளியே வந்தது. எந்த அறைக்குள் நுழையக்கூடாது என்று நூறு வருஷம் தடுத்தார்களோ, அந்த அறைக்குள் நுழைந்ததையே குற்றமாக்கிவிட்டார்கள். இந்தக் குறிப்பால்தான் அவர் லொரெய்னுக்கு மாறினார் என்று சொல்வதற்கில்லை. லொரெய்ன் அவருக்குப் பழகிய இடம். முன்பே தங்கியிருக்கிறார்.

ஏப்ரல் 3-ம் தேதி திரும்ப வந்தார். லொரெய்ன், 306-ம் எண் அறை. மறுநாள் மாலை ஆறு மணி சுமாருக்கு, ராத்திரி விருந்துக்குக் கிளம்பியவர் அறைக்கு வெளியே பால்கனியில் நின்றார். எதிர்ப்புறத்திலிருந்து ஒரே ஒரு குண்டு.

லோரீ பெய்லிக்கு அன்றைக்கே பக்கவாதம் தாக்கியது. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 9-ல், கிங்கின் இறுதிச் சடங்கு நடந்த அதே தினத்தில் அவரும் இறந்துபோனார்.

இந்தக் கதையில் நம் ஆட்கள் எங்கே வருகிறார்கள் என்று கேட்பீர்கள். வருகிறார்கள். தமிழர்கள் அல்ல, குஜராத்திகள். 1940-களிலேயே கலிஃபோர்னியாவில் ஒன்றிரண்டு மலிவு விடுதிகளைக் கையில் எடுத்திருந்தார்கள். 1965-ல் குடியேற்றச் சட்டம் தளர்ந்ததும் கூட்டம் பெருகியது. 1972-ல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் துரத்தியவர்களிலும் சிலர் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருடம் பெட்ரோல் தட்டுப்பாடு. சாலையில் கார் குறைந்தது. பழைய மோட்டல்கள் ஈ ஓட்டின. விலை சரிந்தது. படேல்கள் வாங்கினார்கள்.

வாங்கிவிட்டு என்ன செய்தார்கள்? ரிசப்ஷனுக்குப் பின்னாலேயே குடும்பத்தோடு குடியேறினார்கள். வீட்டு வாடகை மிச்சம். அப்பா கவுன்ட்டரில். அம்மா அறைகளைக் கூட்டித் துடைத்தார். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் துண்டு மடித்தார்கள். நடு ராத்திரி பெல் அடித்தால் யாராவது ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார்கள். உறவுக்காரர்களிடம் கைமாற்று வாங்கி ஒன்று, அது நிமிர்ந்ததும் இன்னொன்று.

அக்கம்பக்கத்து மோட்டல்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் போர்டு மாட்டினார்கள்: 'அமெரிக்கருக்குச் சொந்தமானது'. அதாவது, பக்கத்து மோட்டல் அப்படி இல்லை, உள்ளே போனால் மசாலா வாசனை வரும் என்று அர்த்தம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்தியர்களுக்கு பாலிசி தரத் தயங்கின. இந்தப் பாரபட்சத்தைச் சமாளிக்க 1980-களில் சங்கம் சேர்ந்தார்கள். முதலில் சேர்ந்தது எங்கே? வில்சனின் டென்னஸியில். பிறகு 1989-ல் அட்லான்டாவில் ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் பிறந்தது. பிடிக்காத ஆளுக்கு அறை தரமாட்டேன் என்று ராலஸ்டன் கோர்ட்டுக்குப் போனாரே, அதே அட்லான்டா.

இன்று அமெரிக்காவில் உள்ள ஹோட்டல்களில் பாதிக்கும் மேல் தங்கள் உறுப்பினர்களுக்குச் சொந்தம் என்கிறது அந்தச் சங்கம். பச்சை போர்டு தொங்கும் இடங்களிலும் எத்தனையோ படேல்கள் இருக்கிறார்கள். மகனைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெரியவர்கள், நயாகரா போகிற வழியில் ஏதோ ஒரு சின்ன ஊரில் ராத்திரி இறங்கும்போது, கவுன்ட்டரில் ஊதுவத்தி வாசனையும் சின்னப் பிள்ளையார் படமும் பார்த்து ஆறுதல் அடைகிறார்களே, அதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

சம்மர் அவென்யூவில் அந்த முதல் ஹாலிடே இன் இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். வில்சன் 2003-ல் காலமானார்.

லொரெய்ன் இருக்கிறது. லோரீ போன பிறகு வால்டர் பெய்லி தனியாக நடத்திப் பார்த்தார். வருமானம் குறைந்தது. கடன் ஏறியது. என்ன கஷ்டம் வந்தபோதும் 306-ம் எண் அறையை மட்டும் அவர் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. 1982-ல் விடுதி ஏலத்துக்கு வந்தபோது, ஊர்க்காரர்கள் பணம் திரட்டி வாங்கினார்கள். 1991-லிருந்து அது சிவில் உரிமை அருங்காட்சியகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 306 அப்படியே இருக்கிறது. இரண்டு கட்டில். கலைந்து கிடக்கும் ஒரு போர்வை. காபிக் கோப்பை.